கொலைக் கதைகளை ஏன் விட முடியவில்லை? மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுவான்கரையில் ஒரு சின்ன வாசிகசாலையில் பதினெட்டு வருடம் புத்தகம் இரவல் கொடுத்தேன். இப்போது கல்லடியில் என் வீட்டு முன்னறையில் மூன்று அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கொலைக் கதையும் துப்பறியும் கதையும்தான். புத்தகம் எடுக்க வருகிறவர்களும், எடுக்கிறவர்களை ஏச வருகிறவர்களும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

செத்தவன் செத்துட்டான். அதை இருந்து வாசிச்சு என்னகா வரப்போகுது?

சாவு முதலாவது அத்தியாயத்தோடு முடிந்துவிடும். மிச்சப் புத்தகம் முழுக்க உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. யார் பொய் சொல்கிறார், யார் பயப்படுகிறார், செத்தவரை உண்மையில் நேசித்தது யார், அவர் போனதால் யாருக்கு லாபம். சாதாரண நாளில் ஒரு வீட்டுக்குள் கேட்க முடியாத கேள்விகளையெல்லாம் ஒரு சாவு நடந்த பிறகு கேட்கலாம். கொலைக் கதை அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஆளைப் பிடித்து இழுப்பதும் அந்தக் கேள்விதான். வாசிகசாலையில் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்துபோன ஒரு நாவல் இருந்தது. அட்டையில் ‘முடிவு இல்லை’ என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அப்படியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அறுவடை முடிந்த கையோடு அதை எடுத்துப்போன ஒரு வயல்காரர் நாலாம் நாள் வந்து, “ஆரு செஞ்ச எண்டு தெரியாம நித்திரை வருகுதில்ல புள்ள” என்றார். செட்டிபாளையம் வரைக்கும் போய் விசாரித்தார். கடைசியில் கல்முனையில் ஒருவரிடம் முழுப் பிரதி இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப்போய், முடிவைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்து பின்னட்டைக்குள் ஒட்டினார். அவருக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்த எல்லாரும் அவருடைய கையெழுத்தில்தான் கொலைகாரனைத் தெரிந்துகொண்டார்கள்.

இது வெள்ளைக்காரன் பழக்கின பழக்கம்தானே? நம்மட ஆக்களுக்கு ஏது கொலைக் கதை?

அச்சில் வரும் துப்பறியும் கதைக்கு அவர்கள்தான் வழிகாட்டி, அதில் மறுப்பில்லை. அமெரிக்கரான எட்கர் அலன் போ 1841இல் எழுதிய ஒரு சிறுகதையைத்தான் பலரும் முதலாவது என்பார்கள். உள்ளே பூட்டிய அறை, இரண்டு பெண்களின் சடலம், பொலிசாருக்கு விளங்காததை யோசித்தே கண்டுபிடிக்கும் ஒரு மனிதர். 1887இல் ஷெர்லொக் ஹோம்ஸ் வந்தார், பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும், இன்னும் எத்தனையோ ஊரிலும், சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை பாடுகிறோம். அது என்ன கதை? செய்யாத களவுக்காக ஒருவனை விசாரிக்காமலே வெட்டிவிடுகிறார்கள். அவன் மனைவி அரசனின் சபைக்கே போய் வழக்குப் பேசுகிறாள். அவள் பக்கம் சாட்சி யாரும் இல்லை. கையில் ஒரு தடயம் மட்டும்தான். அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து, தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று சிலப்பதிகாரத்துக் கண்ணகி சொல்கிறாள், சபைக்கு முன்னாலேயே உடைத்தும் காட்டுகிறாள். எல்லாரையும் ஓர் இடத்தில் கூட்டி, அதுவரை மூடியிருந்த ஒன்றை உடைத்துக் காட்டுவதுதானே இன்றைக்கும் துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம்? அதோடு நாங்கள் நிறுத்துவதும் இல்லை. மதுரை எரிந்த பிறகும் ஆறாத அம்மனுக்குச் சினம் தணியக் குளிர்த்தி பாடித்தான் சடங்கை முடிக்கிறோம். கொலை, வழக்கு, குளிர்த்தி. நான் ஒரு கொலைக் கதை நல்லதா கூடாததா என்று பார்ப்பதே இந்த மூன்றையும் வைத்துத்தான்.

காத்தான்குடியிலிருந்து புத்தகம் எடுக்க வரும் ஒரு தங்கச்சிக்கு இதைச் சொன்னேன். அவ உடனே, யூசுப் நபிமேல் ஒரு பெண் பழி சொன்னபோது தடயமான அவருடைய சட்டையைச் சொன்னா. சட்டை முன்பக்கம் கிழிந்திருந்தால் அந்தப் பெண் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் யூசுப் சொல்வது உண்மை என்று குர்ஆனில் வருகிறது. பார்த்தால் கிழிந்திருந்தது பின்பக்கம். கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலில் சூசன்னாவின் கதை இருக்கிறது. அவள்மேல் பொய்ப்பழி சொன்ன இரண்டு முதியவர்களையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்துக்குக் கீழே கண்டீர்கள் என்று தானியேல் கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார், மற்றவர் வேறு மரத்தைச் சொல்கிறார். பொய் அங்கேயே உடைகிறது. இந்த இரண்டிலும் கொலை இல்லை, ஆனால் தடயமும் குறுக்கு விசாரணையும் இருக்கின்றன. கொலைக்கு, அண்ணன் கையால் செத்த ஆபேலின் கதை போதும். இதெல்லாம் நம் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே கேட்டு வளரும் கதைகள்.

தமிழில இது எப்ப தொடங்கினது?

1894இலேயே பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற பொலிஸ் நிபுணரை வைத்துக் குற்றக் கதைகள் வெளியிட்டார். ஹோம்ஸ் வந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும். ராஜேஷ்குமார் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதிவிட்டார். என் அலுமாரியில் அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்த புத்தகங்களில் அதிகம் அவருடையவை.

ஏன் கொலையே வேணும்? களவு, மோசடி எண்டு எழுத ஏலாதா?

ஏலும். ஹோம்ஸ் சிறுகதைகளிலேயே கொலை இல்லாதவை பல. சிறுகதைக்குக் களவு தாங்கும். ஆனால் இருநூறு பக்கம் ஒருவரை இருத்திவைக்க வேண்டுமென்றால் திரும்பக் கொடுக்க முடியாத ஒன்று போயிருக்க வேண்டும். நகை போனால் நகை வரும், காசு போனால் காசு வரும்.

இன்னொரு காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். களவு கொடுத்தவர் தானே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுக்கலாம். கொலையுண்டவரால் வாய் திறக்க முடியாது. அவருக்காக வேறு யாராவது பேச வேண்டும். கண்ணகி போன மாதிரி ஒருவர் புறப்பட்டுப் போக வேண்டும். கதையில் நாம் பின்னால் போவது அந்த ஆளுக்குப் பின்னாலதான்.

முடிவு தெரிஞ்ச கதையை மறுகா மறுகா வாசிக்கிறீங்களே, அலுப்பு வராதா?

வராது. முதல் தடவை கொலைகாரனைத் தேடி வாசிக்கிறோம். இரண்டாம் தடவை எழுத்தாளர் நம்மை எங்கே ஏமாற்றினார் என்று தேடுகிறோம். மூன்றாம் பக்கத்திலேயே அந்த ஆள் கை கழுவிக்கொண்டு நின்றிருப்பான், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஊரில் இதை விளக்கவும் வேண்டுமா? பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்னன் சாகப்போகிறான் என்று தெரியாமல் யாரும் களரிக்கு வருவதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதக் கதைதான், ஒவ்வொரு வருடமும் அதே கதைதான். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை ஓங்கி அடிக்கும்போது விடிய விடிய இருந்த சனம் அப்போதும் கண் கலங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொலம்போ என்ற தொடர், யார் கொன்றார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்கும். எப்படிப் பிடிபடுகிறான் என்று பார்ப்பதற்கே கோடிக்கணக்கானவர்கள் இருந்தார்கள்.

எங்கட வீட்டுப் பொம்பிளையள்தான் கூட இதைப் பாக்கிறாங்க. மென்மையானவங்களுக்கு இதில என்ன ஆசை?

கேட்டவர் ஒரு கணவர். மனைவி இரவில் போனில் கொலை விசாரணைத் தொடர் பார்க்கிறா என்று கவலைப்பட்டார். இது மட்டக்களப்பில் மட்டும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உண்மைக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விரும்பியிருந்தார்கள். அதிலும் தப்பிக்க வழி சொல்லும் புத்தகம் என்றால் இன்னும் அதிகம்.

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2023இல் உலகில் ஏறக்குறைய 85,000 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். அதில் 60 வீதமானவர்களைக் கொன்றது கணவன், காதலன், அல்லது சொந்தக் குடும்பத்தவர். அப்படியிருக்க, ஒரு பெண் கொலைக் கதை வாசிப்பதில் ஆசையைவிடக் கவனம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் அவன் குரல் மாறியது, அவள் எப்போது வெளியே வந்திருக்கலாம், யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று பார்க்கிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய் வந்த ஒரு அக்கா ஒவ்வொரு புத்தகத்தைத் திருப்பித் தரும்போதும், “இவ அந்த முதல் நாளே கதவைப் பூட்டியிருக்கணும்” என்று ஏதாவது ஒன்று சொல்லாமல் போக மாட்டா. அந்த ஐயாவுக்கு நான் சொன்னது, பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள் என்பதுதான்.

பிள்ளைகள் வாசிச்சா கெட்டுப்போக மாட்டாங்களா? ஓ.எல். சோதினை வேற வருது.

சோதினைக்கு முதல் மாதம் எந்தக் கதைப்புத்தகமும் நான் கொடுப்பதில்லை, அழுதாலும் கொடுப்பதில்லை.

மற்றப்படி, எல்லாக் கொலைக் கதையும் ஒன்றில்லை. சடலத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்து, வெட்டியதையும் குத்தியதையும் ருசித்துச் சொல்லும் புத்தகம் இருக்கிறது. அதை நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, பெரியவர்களுக்கும் சிபாரிசு செய்வதில்லை. சடலத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மிச்சத்தை யோசிக்க வைக்கும் புத்தகமும் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதை வாசிக்கும் பிள்ளை, ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாமல் “அப்ப அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்கப் பழகுகிறது. வட்ஸ்அப்பில் வரும் எல்லாவற்றையும் நம்பும் பெரியவர்களைப் பார்க்கும்போது, இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாசித்த பிறகு இரவில் பயப்படுகிற பிள்ளை என்றால் நிறுத்திவைத்து, அடுத்த வருடம் பாருங்கள்.

இவ்வளவு சாவைக் கண்ட ஊர் இது. இங்க இருந்துகொண்டு கொலைக் கதை வாசிக்க உங்களுக்கு மனம் வருதா?

இதைக் கேட்ட அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிறகு பல நாள் யோசித்தேன். இந்தக் கேள்விகளை எழுதத் தொடங்கியதே அவவுக்காகத்தான்.

1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள், சனம் பார்த்துக்கொண்டிருக்க பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள். இந்த மூன்றுக்கும் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. பெயர் வெளியில் வராத சாவுகள் இன்னும் எத்தனையோ. யார் செய்தது என்று கேட்பதே இங்கே பல வருடம் ஆபத்தாக இருந்தது. காணாமல்போனவர்களின் தாய்மார் இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சடலம்கூட இல்லை.

இப்படி ஓர் ஊரில் இருந்து கொலைக் கதை வாசிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது இரத்தமே இல்லை. ஒரேயொரு ஆள் செத்ததற்கு அந்த ஊர் முழுக்க நிற்கிறது, அதுதான் கண்ணில் படுகிறது. செத்தவர் ஒரு வேலைக்காரியாக இருக்கலாம், யாருக்கும் பிடிக்காத ஒரு வட்டிக்காரராக இருக்கலாம். அப்படியும் ஒருவர் வந்து எல்லாரையும் இருத்திக் கேட்கிறார். பணக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும், அதிகாரியும் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வரும்வரை புத்தகம் முடியாது. முதற் கேள்வியில் சொன்ன அந்த வயல்காரர் கல்முனைக்குப் பஸ் ஏறியது எட்டுப் பக்கத்துக்காக என்று நான் அப்போது நினைத்தேன். அவருடைய தம்பி 1990இல் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், திரும்பி வரவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இன்னொன்றையும் அந்த அம்மாவுக்குச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் துப்பறியும் நாவல் செழித்தது முதலாம் உலகப் போருக்குப் பிந்திய இருபது வருடங்களில். அந்தப் போரில் பிரித்தானியா மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அகதா கிறிஸ்டி அந்தப் போர்க்காலத்தில் வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்தவர், நஞ்சுகளைப் பற்றி அங்கேதான் படித்தார். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலில் அறிமுகமான துப்பறிவாளர் ஹெர்கியூல் புவாரோ யார்? பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதி. அதற்கு முந்திய ஹோம்ஸின் கூட்டாளி வட்சன்கூட ஆப்கானிஸ்தான் போரில் சூடுபட்டுத் திரும்பிய வைத்தியர். சாவைக் காணாதவர்களின் விளையாட்டு இது என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். அகதியாக வந்த ஒரு மனிதர் ஒவ்வொரு சாவுக்கும் கணக்குக் கேட்டார் என்று வாசித்துப் பார்த்தால், நம் ஊருக்கு அது தூரத்துக் கதை இல்லை.

எங்கட அண்ணனைச் சுட்டவங்க. என்னால இதுகளை வாசிக்க ஏலாது. எனக்கு என்னவும் பிழையா?

பிழையே இல்லை. மேலே சொன்னது எனக்கு நடந்தது, எல்லாருக்கும் அப்படி நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாசிக்க வேண்டாம். உங்களுக்கு நான் வேறு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன்.

யூடியூப்பில உண்மைக் கொலைகளைக் கதையாச் சொல்றாங்க. அதுவும் இதுவும் ஒண்டுதானே?

ஒன்றில்லை. கதையில் செத்தவருக்கு அம்மா இல்லை. உண்மையில் செத்தவருக்கு அம்மா இருக்கிறா, அவ கையிலும் போன் இருக்கிறது. பின்னணி இசை போட்டு, தலைப்பில் ‘அதிர்ச்சி’ என்று எழுதி, பிள்ளையின் படத்துக்கு மேல் சிவப்பு வட்டம் போட்டு வெளியிடுகிறவர்கள் அதை யோசிப்பதில்லை. நம் மாவட்டம் சின்னது. பெயரை மறைத்தாலும் பாடசாலையையும் தெருவையும் சொன்னால் ஆள் யார் என்று ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை தெரிந்துவிடும். வழக்கு நடக்கும்போதே ஒருவரைக் கொலைகாரர் என்று முடிவுகட்டி, அவர் வீட்டுப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாமல் பண்ணியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் வழக்கைத் திறக்கச் சொல்லி, நீதிமன்றப் பதிவுகளைப் படித்து, குடும்பத்தின் சம்மதத்தோடு பேசுகிறவர்கள். போன கேள்விக்கு முந்திய பதிலில் சொன்ன அந்தக் கணக்குக் கேட்கும் வேலையை அவர்கள் உண்மையிலேயே செய்கிறார்கள். எதைப் பார்ப்பது என்று தெரிய ஒரு வழி: முடிவில் உங்களுக்குச் செத்தவரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறதா, கொன்றவரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கதையில வாற மாதிரி உண்மையிலும் ஒரு ஆள் வந்து கண்டுபிடிப்பாரா?

ஒரு ஆளால் முடியாது. இலங்கையில் சந்தேகமான சாவு ஒன்று நடந்தால் பொலிசார் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வந்து பார்ப்பார், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார், இரத்தமும் மற்றப் பொருட்களும் அரச பகுப்பாய்வாளருக்குப் போகும். கடைசியில் சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும். இதெல்லாம் முடிய வருடக்கணக்காகும். கொலைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் மரண தண்டனை இருக்கிறது, ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை.

கதைகளில் நம்பக் கூடாத ஒன்று, சடலத்தைத் தொட்டுப் பார்த்து “இரவு எட்டேகால்” என்று சொல்வது. உண்மையில் வைத்தியர்கள் ஒரு நேர இடைவெளியைத்தான் சொல்வார்கள். நம் ஊரில் அது இன்னும் சிரமம். உயிரோடு இருக்கும் உடலின் சூடு 37 பாகை. வைகாசி, ஆனி வெயிலில் இங்கே நிழலிலேயே 33, 34 பாகை வரும். ஆற வேண்டிய சூடே மூன்று நாலு பாகைதான் என்றால், உடல் ஆறியதை வைத்து எந்த நேரத்தைக் கணிப்பது? குளிர் நாட்டுக் கதையில் சரியாக வருவது வாழைச்சேனையில் வராது.

இப்ப வாற படங்களில கொன்றவனையே நல்லவனாக் காட்டுறாங்க. அவன் தப்பணும் எண்டு நாங்களும் நினைக்கிறம். இது சரியா?

இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. 2013இல் மலையாளத்தில் வந்து, 2015இல் ‘பாபநாசம்’ என்று தமிழில் எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். மகளின் கையால் நடந்துவிட்ட ஒரு சாவை மறைக்க ஒரு தகப்பன் பொலிசாரோடு மல்லுக்கட்டுகிறான். என் வீட்டில் அதைப் போட்ட அன்று பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் அந்தத் தகப்பன் பக்கம்தான். பொலிசிடம் போனால் நியாயம் கிடைக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வேறு பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆனால் அந்தப் படத்திலும் என் மகனுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்கும் ஒரு தாய் வருகிறா. அவவுடைய பிள்ளை கெட்டவன்தான். இருந்தாலும் அந்தக் காட்சியில் பக்கத்து வீட்டு ஆச்சி சீலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தா. கொன்றவன் தப்பட்டும் என்று நினைக்க வைத்துவிட்டு, கேட்டு நிற்கும் தாயையும் காட்டாமல் விடாத படம் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாய் ஒரு மூலையிலும் இல்லாமல், கொலைகாரனின் கறுப்புக் கண்ணாடியும் பாட்டும் மட்டும் இருக்கிற படங்களை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

எங்கட ஊரை வச்சு ஒரு கொலைக் கதை எழுதணும் போல இருக்கு. எங்க தொடங்க?

முதலாவது, நடந்த சாவை எழுத வேண்டாம். யூடியூப் கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும். இரண்டாவது, வாசகரை ஏமாற்றலாம், வஞ்சிக்கக் கூடாது. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். கொலைகாரர் கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பேய் பிசாசை வைத்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது, துப்பறிவாளர் கண்ட தடயம் வாசகருக்கும் தெரிய வேண்டும் என்பவை அதில் உண்டு. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும்.

பிறகு, ஊரைத் தடயமாக்குங்கள். யார் தாய்வழியில் என்ன குடி, யார் யாருக்கு மச்சான், எந்த வளவுக்கு எந்தக் கடப்பு என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் ஒரு இரகசியம் எப்படி ஒளிந்திருந்தது என்பதே பெரிய கதை. சோதினை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளை எழுதத் தொடங்கியிருக்கிறா. அவவுடைய கதையில் ஒரு சம்மாட்டி, படகும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவர், கொலை நடந்த அன்று தான் ஊரிலேயே இல்லை, வாவியிலிருந்து முகத்துவாரத்தால் கடலுக்குப் போயிருந்தேன் என்று சொல்கிறார். மாதம் ஆவணி என்று வேறொரு இடத்தில் சும்மா ஒரு வரி வருகிறது. மாரி மழை வந்து வெள்ளம் அடிக்கும்வரை முகத்துவாரத்தை மண்மேடு அடைத்துக் கிடக்கும் என்பது அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பக்கங்களை மீன்பிடிக்குப் போகும் ஒரு மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாம் பக்கத்திலேயே கையை உயர்த்தி, “நில்லு மகள், இவன் பொய் சொல்றான்” என்றார். மிச்சத்தை எழுதிக்கொண்டு வரச்சொல்லி இப்போது நானும் அவரும் அந்தப் பிள்ளையை நெருக்கிக்கொண்டிருக்கிறோம்.